தலைவர் பெங்கின் முகநிறம்

அஞ்சலி மண்டபத்தில் விளக்கைத் தணித்ததும், மறைந்த கம்பெனித் தலைவர் பெங்கின் முகம் திரையிலிருந்து காணாமல் போனது.

"படம் எங்கே?" என்று பல்லைக் கடித்தான் மகன் யூ-ஹங்.

"இந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது சார். பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி. மேல வெளிச்சம் விழுந்தாத்தான் நிறம் காட்டும்," என்றான் லியாவ்.

சிஞ்சு நகரில் பெங்கின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் இந்த ஒரே திரைக்காக உழைத்தவன் அவன். படத்தை அதிலேயே வைக்கச் சொன்னது பெங்கின் மனைவி. இன்று சொதப்பினால் ஆய்வுக்கூடத்தையே மூடிவிடுவதாக யூ-ஹங் சொல்லியிருந்தான்.

லியாவ் ஒரு விளக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். முகம் வந்தது. நேரே இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

"தம்பி, இங்கேருந்து பார்த்தா பச்சையா இருக்காரே!" என்று கிசுகிசுத்தாள் மண்டபப் பொறுப்பாளர் அ-சுன்.

"சூடு பட்டா திரை மேல இருக்கிற படலம் உப்பும்க்கா. நிறம் சிவப்புப் பக்கம் நகர்ந்துரும்." விளக்கை இன்னும் நெருக்கி வைத்தான்.

நிறம் நகர்ந்தது. நிற்கத்தான் இல்லை. தலைவரின் முகம் செக்கச்செவேலென்று ஆனது.

"துக்க வீட்டுல கல்யாணச் சிவப்பா? ஐயையோ, அணைங்க தம்பி!"

"எங்கப்பா வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்லே," என்றான் யூ-ஹங்.

லியாவ் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காற்று பட்ட நெற்றி நீலமானது. கன்னம் பச்சை. தாடை மட்டும் சிவப்பிலேயே நின்றது. மந்திரம் ஓதிக்கொண்டிருந்த பிக்குகள் ஓதுவதை நிறுத்திவிட்டார்கள்.

பெங்கின் மனைவி எழுந்து, ஜபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு திரையருகே வந்தார். லியாவ் தலை குனிந்தான்.

"மன்னிச்சிருங்கம்மா. சிவப்பு சரியில்லே, பச்சை சரியில்லேன்னு என் சாம்பிளையெல்லாம் ஒவ்வொண்ணா திருப்பி அனுப்பினாரு. அவருக்குத் திருப்தியா ஒரு தடவைகூட என்னால காட்ட முடியலே."

அந்த அம்மாள் கணவரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் தம்பி, உன் சாம்பிளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கிட்ட காட்டுவாரு, சரியில்லேன்னு சொன்னதெல்லாம் நான்தான்."