கான்வாயில் சிக்கிய மாப்பிள்ளை

அன்னைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வேப்பம்பட்டுல இருக்கற மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு திருமுல்லைவாயில் மண்டபத்துக்கு வரணும்.

கல்யாணம் என் தங்கச்சி விஜயாவுக்கு. முகூர்த்தம் ஒன்பதுல இருந்து பத்தரை. நடுவுல இருக்கறது ஒரே ரோடு. காலை நேரத்துல முக்கால் மணி நேரம் போதும்.

அப்பா தெளிவாத்தான் சொன்னார். "டேய், ஒரு அம்பாசிடர் டாக்ஸி பேசிக்கோ. வேற எதுவும் யோசிக்காத."

நான் வேற யோசிச்சேன். ஏன்னா எங்கிட்ட ஜோங்கா இருந்துச்சு.

ஜோங்கான்னா ராணுவத்துல ஓடின வண்டி. பார்க்க ஜீப் மாதிரிதான். ஆனா ஜீப்பை விட நீளம், அகலம், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பட்டாளத்துல அதோட காலம் முடிஞ்சதும் வரிசையா நிறுத்தி, சாக்பீஸ்ல நம்பர் போட்டு ஏலம் விட்டுடுவாங்க.

எண்பதுகள் கடைசி, தொண்ணூறுகள் ஆரம்பத்துல எங்க பக்கம் இந்த ரிட்டையர்டு வண்டிங்கதான் பாதி வேலையைப் பார்த்துச்சு. சக்திமான் லாரிங்க தண்ணி டேங்கரா மாறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடும். ஒன் டன்னுனு ஒரு வண்டி, அது பூந்தமல்லில செங்கல் ஏத்தும். பாடியில கவுந்த லாரியை நிமித்தற கிரேன் ஒரு காலத்துல எல்லையில பீரங்கி இழுத்துக்கிட்டிருந்ததுதான்.

இப்படி ஒவ்வொண்ணும் ஏதாவது உருப்படியான இடத்துக்குப் போச்சு. என் ஜோங்கா எங்கிட்ட வந்துச்சு.

நான் அப்போ எஸ்டேட்ல லேத் ஓட்டிக்கிட்டிருந்தேன். ஜோங்கா ஓட்டத் தெரியாது. ஏலத்துல கை தூக்கும்போது அது எனக்கு ஒரு குறையாத் தெரியல. மேல இருக்கற துணியைக் கழட்டிட்டா மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம்னு மட்டும் தோணுச்சு. சரி, முதல் மாப்பிள்ளை நம்ம வீட்டு மாப்பிள்ளையாவே இருக்கட்டும்!

கல்யாணத்துக்காகப் புதுசா ஆகாய நீலம் அடிக்கச் சொல்லி பெயிண்டர்கிட்ட விட்டேன். அவர் ஏலத்துல எடுத்தப்ப நான் பச்சை மேல அடிச்ச வெள்ளையை முழுசாச் சுரண்டி, என் நம்பர் பிளேட்டையும் கழட்டி வெச்சார். அன்னைக்குப் பிடிச்ச மழை நாலு நாள் விடல.

கல்யாணத்தன்னைக்குக் காலையில வண்டி அசல் ராணுவப் பச்சையில நின்னுச்சு. பம்பர்ல பழைய பட்டாள நம்பர் வேற பளிச்சுனு வெளிய வந்திருந்துச்சு.

வெளியாள் வண்டிக்கு அந்தப் பச்சை கூடாதுன்னு சட்டமே இருக்கு. அதனால நான் ஒரு சாமந்தி மாலை வாங்கினேன்.

மாலையை முன்னாடி கட்ட டிரைவர் விடல. "ரேடியேட்டருக்குக் காத்து போவாது தம்பி. பின்னாடி கட்டுங்க"னுட்டார்.

டிரைவர் மாணிக்கம் அண்ணன். வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாபிராம்ல செட்டிலானவர். இருபது வருஷம் ராணுவத்துல வண்டி ஓட்டி, ஹவில்தாரா ரிட்டையர் ஆனவர். விசேஷம்னா காக்கி பேண்ட்டும், பழைய ராணுவத் தொப்பியும்தான் போடுவார். அன்னைக்கும் போட்டுக்கிட்டு வந்தார். கம்பீரமா இருக்கீங்கண்ணேன்னு நான்தான் பாராட்டினேன்.

வேப்பம்பட்டுல எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. மாப்பிள்ளை வீட்டு ஜனம் ஒரு வேன்ல முன்னாடியே கிளம்பிப் போயாச்சு. எங்க வண்டியில மாப்பிள்ளை குமரேசன், அவரோட அக்கா மல்லிகா. அக்கா மடியில பித்தளைத் தட்டு, தட்டுல தேங்காய், தேங்காய் மேல தாலி.

மூணாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனாரும் அவங்கதான். ஆக, மாப்பிள்ளை, தாலி, நாத்தனார் மூணும் என் பொறுப்பு. மண்டபத்துல மிச்சம் இருந்தது சாப்பாடுதான்.

எட்டு மணிக்குப் பட்டாபிராம் வந்தோம். அங்க ஒரு போலீஸ்காரர் எல்லா வண்டியையும் ஓரங்கட்டிக்கிட்டிருந்தார். எங்களுக்கு முன்னாடி பெரிய ராணுவ லாரிங்க ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, கான்வாயா ஆவடிப் பக்கம் போய்க்கிட்டிருந்துச்சு.

போலீஸ்காரர் எங்களைப் பார்த்தார். பச்சை வண்டி, பட்டாள நம்பர், தொப்பி போட்ட டிரைவர். உடனே விசிலை ஊதி, ரெண்டு லாரிக்கு நடுவுல கையைக் காட்டி, "போ, போ, சீக்கிரம்!"னார்.

மாணிக்கம் அண்ணன் உள்ள விட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். எந்தக் கல்யாண வண்டிக்கு இப்படி வழி விடுவாங்க! "பார்த்தீங்களா மாப்ள, நம்ம வண்டிக்கு மரியாதையை?"ன்னேன். மாப்பிள்ளையும் சிரிச்சுக்கிட்டே ஜிப்பாவை நீவி விட்டுக்கிட்டார்.

அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன். சைக்கிள்காரன் ஒருத்தன் எங்களை முந்திக்கிட்டுப் போனான்.

"அண்ணே, கொஞ்சம் வலது பக்கம் எடுத்து முன்னாடி போயிடுங்க."

"கான்வாயில ஓவர்டேக் கிடையாது தம்பி."

"நாம கான்வாய் இல்லண்ணே. கல்யாணம்!"

"உள்ள வந்தாச்சுல்ல."

"அப்ப வெளிய போயிடலாம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இருவது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு கான்வாயையும் உடைச்சதில்ல."

முன் லாரிக்கும் எங்களுக்கும் நடுவுல அளந்து வெச்ச மாதிரி இடைவெளி. அது கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி! ரிட்டையர் ஆனதுக்கப்புறம் மனுஷன் அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல.

ஆவடி வரதுக்குள்ள மொத்தக் கான்வாயும் ஓரமா நின்னுச்சு. அப்பாடா, இதுதான் சமயம்னு நினைச்சேன். "அண்ணே, இப்ப கிளம்பிடலாம்."

"இது பத்து நிமிஷ ஹால்ட். கமாண்டர் சொல்லாம எவனும் நகரக் கூடாது." சொல்லிட்டு இறங்கி, மத்த டிரைவர்ங்களோட சேர்ந்து நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். அப்புறம் பானெட்டைத் தூக்கி ஆயில் பார்த்தார்.

மல்லிகா அக்காவுக்குப் பொறுமை போயிடுச்சு. "இன்னா அண்ணாத்தே இது? அங்க மோளக்காரன் காத்துக்கினு கீறான், நீ இங்க டயரைத் தட்டிக்கினு கீற!"

"செக்கிங் முக்கியம்மா."

"எங்களுக்குக் கல்யாணம் முக்கியம்யா!"

பின் லாரி ஜவான்கள் பின்னாடி தொங்கின மாலையைப் பார்த்துட்டு வந்தாங்க. யாரோ ஆபீசருக்குக் கல்யாணம்னு நினைச்சுக்கிட்டாங்க போல. மாப்பிள்ளைக்கு விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சு, எனாமல் மக்ல டீ கொடுத்தாங்க. மாப்பிள்ளையும் பதிலுக்கு சல்யூட் அடிச்சார். நான் டீயைக் குடிச்சேன். எந்த இடத்துல வாயைத் திறந்து உண்மையைச் சொல்லணுமோ, அந்த இடத்துல நான் சர்க்கரை பத்தலைன்னு சொன்னேன்.

கான்வாய் கிளம்புச்சு. கொஞ்ச தூரத்துல முன் லாரி மெயின் ரோட்டை விட்டுத் திரும்புச்சு. நாங்களும் திரும்பினோம்.

"இன்னா மச்சான், எங்க போய்க்கினு கீறோம்?" மாப்பிள்ளை முதல் தடவையா பயந்தார். "குதிச்சிரலாமா?"

ஓடற வண்டியில இருந்து பட்டு வேட்டியோட மாப்பிள்ளை குதிக்கறது என்ன சகுனம்னு எனக்குத் தெரியல. வேண்டாம்னுட்டேன்.

பெரிய இரும்பு கேட் திறந்துச்சு. வண்டிங்க வரிசையா உள்ள போச்சு. கேட் மூடிச்சு.

மணி ஒன்பது பத்து.

நாங்க உள்ள வந்த இடம் ஒரு ராணுவ வண்டி டெப்போ. கண்ணாடி போட்ட ஒரு கிளார்க், நம்மூர்க்காரர்தான், நோட்டைப் பார்த்து வண்டியை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பதினாலு வரணும், பதினஞ்சு வந்திருக்கு. ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே வந்தவர் எங்ககிட்ட நின்னார். மாலை போட்ட மாப்பிள்ளையை மேலயும் கீழயும் பார்த்தார்.

"எந்த யூனிட்?"

"பாடி கம்பெனி சார். மெஷின் ஷாப்பு"ன்னார் மாப்பிள்ளை.

நான் குறுக்க பூந்து எல்லாத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாக் கேட்டார். பம்பர் நம்பரைப் பார்த்தார். உள்ள போய் தடிமனா ஒரு ரிஜிஸ்டரை எடுத்துக்கிட்டு வந்தார்.

"இது போன வருஷம் ஏலத்துல போன வண்டியாச்சே!"

"ஆமா சார், நான்தான் எடுத்தேன்."

"வித்த வண்டியைத் திருப்பி எடுத்துக்கறது இல்லீங்களே."

"திருப்பிக் குடுக்க வரல சார்! எங்களை வெளிய விட்டாப் போதும்."

"அதான் பிரச்சினை." அவர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டார். "எங்க வண்டியா இருந்தா அவுட் பாஸ் போடுவேன். இது எங்க வண்டி இல்ல. வெளி வண்டியா இருந்தா உள்ள வந்ததுக்கு என்ட்ரி இருக்கணும். அதுவும் இல்ல. கணக்குப்படி இந்த வண்டி இங்க இல்லவே இல்ல. இல்லாத வண்டியை நான் எப்படி வெளிய அனுப்பறது?"

"சரி, வண்டி இங்கயே கிடக்கட்டும் சார். எங்களை மட்டும் விடுங்க, ஓடிப் போயிடறோம்."

"உங்களுக்கு மட்டும் என்ட்ரி இருக்கா?"

இல்ல.

மணி ஒன்பது நாப்பது. விஜயா மணவறையில உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கிட்டிருப்பா. மாப்பிள்ளை ஓடிட்டான்னு இந்நேரம் யாராவது ஆரம்பிச்சிருப்பாங்க. ஒரு டாக்ஸி பேசத் துப்பில்லாம, பெருமைக்காக நான் பண்ண காரியம். என் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

மல்லிகா அக்கா தட்டோட இறங்கி வந்தாங்க. "நைனா, இதப் பாரு. இது தாலி. இது பத்தரைக்குள்ள ஒரு பொண்ணு கழுத்துல ஏறணும். உன் நோட்டுல எதுனா ஒரு வழி இருக்கும், தேடு."

அவர் தேடினார். சத்தியமாத் தேடினார். ரெண்டு ரிஜிஸ்டரைப் புரட்டிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு வழி இருக்கு. இந்த வண்டி முதல்ல வெளிய போனது ஏலச் சரக்கா. அதே மாதிரி மறுபடியும் போகட்டும். ஆனா ஏலச் சரக்கு ஓடக் கூடாது. இன்ஜினை நிறுத்திட்டு, எங்க ரெக்கவரி வண்டி இழுத்துக்கிட்டுப் போய் வாங்கினவங்க இடத்துல ஒப்படைக்கும். எங்க ஒப்படைக்கணும்?"

"கல்யாண மண்டபம், திருமுல்லைவாயில்."

எழுதிக்கிட்டார். "வண்டிக்குள்ள இருக்கற எல்லாத்தையும் பாஸ்ல ஏத்தணும். நிலைமையையும் போடணும், வேலைக்கு ஆகுமா ஆகாதான்னு. ஜோங்கா ஒண்ணு, அன்சர்வீசபிள்."

மாணிக்கம் அண்ணன் முகம் வாடிடுச்சு.

"பித்தளைத் தட்டு ஒண்ணு. தேங்காய் ஒண்ணு. தாலி ஒண்ணு. டிரைவர் ஒண்ணு. அம்மா ஒருத்தங்க." அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தார். கொஞ்சம் யோசிச்சார். "மாப்பிள்ளை ஒண்ணு, சர்வீசபிள்."

கடைசியா என்னைப் பார்த்தார். ஓனர்னு எழுதி, நிலைமைக்கு நேரா ஒரு கோடு போட்டுட்டார்.

ரெக்கவரி வண்டி வந்துச்சு. வீடு உயரம் இருக்கும்! கொக்கியை மாட்டி ஜோங்காவோட மூக்கைத் தூக்கினதுல, நாங்க எல்லாரும் ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை ஒரு கையில தலைப்பாகையையும், ஒரு கையில என் சட்டையையும் பிடிச்சுக்கிட்டார். மாணிக்கம் அண்ணன் மட்டும் ஸ்டியரிங்கை விடாம நேரா உட்கார்ந்திருந்தார்.

பத்து மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு மண்டப வாசல்ல போய் நின்னோம்.

ஏர் ஹார்ன் சத்தத்துல நாதஸ்வரமே நின்னுடுச்சு. மொத்த மண்டபமும் வெளிய வந்துச்சு. பட்டாளமே வந்து மாப்பிள்ளையை இறக்குதுன்னு எங்க சொந்தக்காரங்களுக்கு ஒரே பெருமை. பசங்க கை தட்டினாங்க. மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தர், இதெல்லாம் எங்க தம்பி பையனுக்குத்தான் கிடைக்கும்னு பக்கத்துல இருந்தவர்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தார்.

அப்பா மட்டும் என்கிட்ட வந்தார். "டாக்ஸி பேசுன்னு சொன்னேனா, இல்லையா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள ரெக்கவரி டிரைவர் இறங்கி வந்து அப்பா கையில பாஸை நீட்டினார். "சரக்கைச் சரி பார்த்துக் கையெழுத்துப் போடுங்க சார். இல்லாட்டி கொக்கியை இறக்க மாட்டேன்."

முகூர்த்தம் முடிய பதினஞ்சு நிமிஷம். அப்பா கண்ணாடி கூடப் போடல. 'அனைத்தும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'ங்கற இடத்துல கையெழுத்தைப் போட்டுட்டு, மாப்பிள்ளையைக் கையைப் பிடிச்சு இறக்கி உள்ள இழுத்துக்கிட்டு ஓடினார்.

பத்து இருபத்தஞ்சுக்குத் தாலி ஏறுச்சு. மூணாவது முடிச்சை மல்லிகா அக்கா போட்ட வேகத்தைப் பார்த்தா, அவங்களுக்கு யார் மேலயோ கோவம்னு தெரிஞ்சுது. நான் பந்தி பக்கம் போயிட்டேன்.

அந்த பாஸோட நகல் இன்னும் மாப்பிள்ளை பீரோவுல பத்திரமா இருக்கு. வீட்டுல சண்டை வந்தா எடுத்து நீட்டுவார். "இன்னா கொறை கண்ட எங்கிட்ட? சர்வீசபிள்னு மிலிட்டரியே எழுதிக் குடுத்துக்கீது பாரு!"

விஜயா அதை வாங்கிக் கூடப் பார்க்க மாட்டா. "சரக்கை நல்ல நிலையில வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டது எங்கப்பா. நான் அன்னைக்குப் பிரிச்சுச் சரி பார்க்கல."