மூன்று முறை கேட்க வேண்டிய அடுப்பு

மினசோட்டா மாநிலம், ஸ்கார்டால் ஊர்ப் பொதுக்கூடத்தின் சமையலறையில் முப்பத்தோரு ஆண்டுகள் மாசற்ற பணி புரிந்துவந்த நான்கு சுருள் மின்சார அடுப்பு, அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, காப்பி கொதித்துக்கொண்டிருக்கும்போதே இயற்கை எய்தியது. மாவட்ட அலுவலகத்துக்கு முறைப்படி தகவல் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் ஆர்டிஸ் ஹோவ்லண்ட், வயது அறுபத்து மூன்று. பத்தொன்பது வருஷமாக அந்தச் சமையலறை அவர் பொறுப்பு.

அடுப்பு போனதில் ஆர்டிஸுக்கு வருத்தம் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

காரணம் மீன். நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை அந்தக் கூடத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து நடக்கும். எண்பது வருஷமாக ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. நார்வேயிலிருந்து பாட்டன்மார் கப்பலேறியபோது கூடவே வந்த பதார்த்தம் அது. கருவாட்டைச் சாம்பல் காரநீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, கழுவி, வேகவைத்து, உருக்கிய வெண்ணெயை ஊற்றிச் சாப்பிடுவார்கள். சரியான நொடியில் அனலை நிறுத்தினால் மீன். அரை நிமிஷம் தவறினால் பசை. சுருள் அடுப்போ, அணைத்த பிறகும் கால் மணி நேரம் கோபம் ஆறாமல் சிவந்தே கிடக்கும். ஆகவே பத்தொன்பது வருஷமாக ஆர்டிஸ் அந்தப் பெரிய அலுமினியப் பானைகளை ஒவ்வொன்றாக இடுப்பு ஒடிய இறக்கி வைத்திருக்கிறார். அப்படியும் பாதி பசைதான். ஊரார் பசையைத் தின்றுவிட்டு, "மோசமில்லை, ஆர்டிஸ்" என்பார்கள்.

கேஸ் அடுப்பு என்றால் குமிழைத் திருகினால் நெருப்பு, திருப்பினால் கப்சிப். கூடத்துக்கு அனல் கொடுக்கும் உலைக்காக வந்த கேஸ் குழாய், சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நாலே அடி தூரத்தில் ஓடுகிறது. பத்தொன்பது வருஷமாக ஆர்டிஸ் அந்தச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். வாழ்க்கையில் அவருக்கு வேறு பெரிய ஆசை இல்லை.

கேட்டுவிடலாமே என்பீர்கள். ஸ்கார்டாலில் அப்படியெல்லாம் கேட்க முடியாது. அங்கே ஒன்றைக் கொடுக்க வந்தால் முதல் தடவை "வேண்டாம்" என்க வேண்டும். இரண்டாம் தடவையும் "ஐயோ, வேண்டாம்" என்க வேண்டும். மூன்றாம் தடவை, "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, ஒரே ஒரு துளி" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே "கொடுங்க" என்றவரை ஊர் மன்னிக்கும், ஆனால் மறக்காது. ஆர்டிஸைக் கல்யாணத்துக்குக் கேட்ட ஆர்லன்கூட மூன்று தடவைதான் கேட்டார். நடுவில் கோதுமை அறுவடை வந்துவிட்டதால் சம்மதம் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று.

மாவட்ட வெப்பச் சாதன மாற்றத் திட்டத்தின் துணை ஒருங்கிணைப்பாளர் (தற்காலிகப் பொறுப்பு) டொமினிக் கப்பூட்டோ மறு வாரமே வந்தார். நியூ ஜெர்சிக்காரர், முப்பது வயது, கையில் படிவம் 14-அ. அவர் ஊரில் ஒருவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பாவம், உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்டிஸின் சமையலறைக் கூட்டாளி லவோன் காப்பியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

"மேடம், உங்களுக்கு கேஸ் அடுப்பு வேணுமா?" என்றார் கப்பூட்டோ.

முதல் கேள்வியே அதுதான். ஆர்டிஸ் காப்பியைக் கீழே வைத்தார். முறை தவறாமல், "ஐயையோ, எங்களுக்கெதுக்குத் தம்பி கேஸெல்லாம்?" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் கேள்விக்காகச் லேசாகப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கப்பூட்டோ பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். "கேஸ், வேண்டாம். அடுத்தது, சுருளா, கண்ணாடியா, இண்டக்ஷனா?"

லவோனின் கையில் கேக் கத்தி அந்தரத்தில் நின்றது.

"மேடம்? எது வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரி" என்றார் ஆர்டிஸ், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து.

கப்பூட்டோ முகம் மலர்ந்தது. திட்ட விதி ஆறு, உட்பிரிவு இரண்டின்படி, விருப்பம் தெரிவிக்காதோரின் விருப்பம் இண்டக்ஷன் எனக் கொள்ளப்படும்.

அவர் காருக்குப் போன பிறகு லவோன் பொருமினாள். "ஒரே ஒரு தடவைடி! ஒரே தடவை கேட்டுட்டு எழுதிட்டான்! அவனைப் பெத்தவ என்ன சொல்லித்தான் வளர்த்தாளோ?"

"போகட்டும் விடு" என்ற ஆர்டிஸ், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

இண்டக்ஷனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வருஷம் மாவட்டத் தலைநகரில் அதுதான் மோஸ்தர். தலைமை நிர்வாகி வீட்டில் வாங்கியதும் துணை நிர்வாகி வாங்கினார், பிறகு பல் டாக்டர் வாங்கினார். விருந்தாளி வந்தால், அடுப்பின் மேல் செய்தித்தாளை விரித்து அதன் மேல் சட்டியை வைத்து, "பாருங்க, பேப்பர் எரியல!" என்று காட்டுவார்கள். காட்டி முடித்ததும் எல்லோரும் ஓட்டலுக்குச் சாப்பிடப் போவார்கள். சமைக்காத வீடுகளில் அது மிகச் சிறப்பாக வேலை செய்தது.

ஸ்கார்டாலுக்கும் அது வந்து இறங்கியது. கறுப்பாக, வழவழவென்று, முகம் பார்க்கலாம் போல இருந்தது. ஆர்டிஸ் ஒரு அலுமினியப் பானையில் தண்ணீர் வைத்துப் பொத்தானைத் தொட்டார். அடுப்பு 'ட்டிங்' என்றது. அணைந்துவிட்டது. இன்னொரு பானை. 'ட்டிங்'.

கப்பூட்டோ ஒரு காந்தத்தோடு ஓடிவந்தார். இருபத்தேழு பானைகளையும் வரிசையாக நிறுத்திக் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். ஒன்றிலும் ஒட்டவில்லை. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இண்டக்ஷன் சீண்டாது.

"நல்ல செய்தி மேடம். அடுப்பு நல்லா இருக்கு. பாத்திரங்கதான் தகுதி பெறல."

"அப்போ வேற பாத்திரம் குடுப்பீங்களா, தம்பி?"

"பாத்திரம் அசையும் பொருள். நாங்க அசையாப் பொருள் பிரிவு."

"மீனை எதுல வேகவைக்கிறது?" என்றாள் லவோன்.

"மீன் எந்தப் பிரிவுன்னே எனக்குத் தெரியல" என்று மனமார வருந்தினார் கப்பூட்டோ.

மாத இறுதியில் மாவட்டம் கணக்கெடுத்தது. நூற்றுப் பத்து பொதுச் சமையலறைகளில் ஸ்கார்டாலின் அடுப்புதான் முதலிடம். மின்சாரச் செலவு பூஜ்யம், புகை பூஜ்யம், தீக்காயம் பூஜ்யம். 'முன்மாதிரி அடுப்பு' என்று சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு அடுப்புக்கு நேர் மேலே மாட்டினார்கள். அதன் கீழே நின்று ஆர்டிஸ் ஆறிய காப்பியைக் குடித்தார். விருந்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. எரியும் அடுப்பில்லாமல் எண்பது வருஷ விருந்து தன் காலத்தில் நின்றுபோகப் போகிறதே என்று அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

சான்றிதழ் கொடுக்க வந்த கப்பூட்டோவைக் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாள் லவோன்.

"தம்பி, இந்த ஊர்ல 'வேண்டாம்'னா வேண்டாம்னு அர்த்தமில்ல. மூணு தடவை கேக்கணும். எங்க ஆர்டிஸ் உசிரே கேஸ் அடுப்புலதான் இருக்கு."

கப்பூட்டோ உண்மையிலேயே பதறிப்போனார். கெட்டவர் இல்லை அவர், அதிகாரி, அவ்வளவுதான். அன்றே மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் சட்ட ஆலோசகரைக் கேட்டது. மூன்று முறை கேட்பது பணி நேரத்தை விரயமாக்கும், முடிவு எப்படியும் 'வேண்டும்' என்பதால் முதல் முறையே அவ்வாறு கொள்வது சிக்கனம் என்று அவர் கருத்துரைத்தார். சுற்றறிக்கை பிறந்தது: 'ஸ்கார்டால் வாசிகள் "வேண்டாம்" எனக் கூறின், அது "வேண்டும்" எனவே பொருள் கொள்ளப்படும்.'

மறுநாள் கப்பூட்டோ திருத்திய படிவத்தோடு வந்தார். சுற்றறிக்கை விஷயம் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆர்டிஸோ, முதல் நாள் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மானம் போனாலும் பரவாயில்லை, இந்தத் தடவை நேராகவே கேட்டுவிடுவது.

"சுருள் அடுப்பு வேணுமா?"

"வேண்டாம்."

கப்பூட்டோ ஒரு சரி போட்டார்.

"கண்ணாடி அடுப்பு?"

"வேண்டாம் தம்பி."

இன்னொரு சரி.

"இன்னொரு இண்டக்ஷன்?"

"கடவுளே! வேண்டவே வேண்டாம்!"

சரி போட்டு அடிக்கோடும் இட்டார்.

"கடைசியா, கேஸ் அடுப்பு?"

ஆர்டிஸ் எழுந்து நின்றார். அறுபத்து மூன்று வருஷத்தில் செய்யாததைச் செய்தார். "வேணும்! எனக்கு கேஸ் அடுப்பு வேணும்! இப்பவே வேணும்!" லவோன் அதைக் கேட்கக் கூசிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

கப்பூட்டோவின் கண் கலங்கியது. "புரியுது மேடம். கேஸ்னா உங்களுக்கு இவ்வளவு வெறுப்புன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்று சொல்லி, அந்த வரியை அழுத்தி அடித்தார்.

மூன்று அடுப்புகளும் நாலே நாளில் வந்துவிட்டன. மின் இணைப்புக்கான அனுமதி மட்டும் பனி உருகிய பிறகு பரிசீலிக்கப்படும் என்றார்கள். இப்போது சமையலறையில் நான்கு அடுப்புகள். நடுவில் ஆள் நிற்க இடமில்லை, நெருப்பும் இல்லை.

அப்போதுதான் யாரோ அந்தச் சுற்றறிக்கையை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்டிஸ் படித்தார். ஆத்திரத்தோடு மாவட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: 'நாங்கள் நேர்மையான மனிதர்கள். எங்கள் வார்த்தையைத் திருகவேண்டாம். ஸ்கார்டால்காரர் வேண்டும் என்றால் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்ளவும்.'

தபாலில் போட்டதோடு அதை மறந்தும்விட்டார். மாவட்டத்துக்கு எழுதிய கடிதம் கோவில் உண்டியலில் போட்ட மாதிரி. சாலையில் விழுந்த எல்ம் மரத்தைப் பற்றி ஊரார் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தபோது மரம் மக்கி, அந்த இடத்தில் காளான் முளைத்திருந்தது.

விருந்து நாள் வந்தது. ஆர்லனும் மற்ற ஆண்களும் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் போடும் மீன்பிடிக் குடிசைகளுக்காக வைத்திருக்கும் கேஸ் பர்னர்களைக் கொண்டுவந்து கூடத்தின் கொல்லையில் வரிசையாக வைத்தார்கள். பனிக் கோட்டும் காதுமூடித் தொப்பியுமாக ஆர்டிஸ் நீல ஜுவாலையின் முன் நின்றார். சரியான நொடியில் குமிழைத் திருப்பினார். கொதி அடங்கியது. மீன் மீனாகவே வந்தது! மூக்கு நுனி உறைந்துபோயிருந்தும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடத்தில் நூற்று நாற்பது பேர் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் "நல்லா இருக்கு" என்றே சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கப்பூட்டோவின் கார் நின்றது. கையில் படிவம்.

லவோன் மேஜை மேஜையாக ஓடினாள். "கேளுங்க, சுற்றறிக்கைப்படி நாம வேண்டாம்னாத்தான் அவங்களுக்கு வேணும்னு அர்த்தம். கேஸ் வேணுமான்னு கேட்டா எல்லாரும் சேர்ந்து வேண்டாம்னு கத்துங்க. ஒருத்தர் வாயும் சும்மா இருக்கக் கூடாது."

ஆர்டிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்வரிசைக்கு வந்து நின்றார். கப்பூட்டோ தொண்டையைக் கனைத்தார்.

"கொல்லையில அடுப்புகளைப் பார்த்தேன். அதனால ஊர் முன்னாலயே கேக்கறேன். இந்தக் கூடத்துக்கு கேஸ் அடுப்பு வேணுமா?"

"வேண்டாம்!" என்று நூற்று நாற்பது குரல் எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஆர்டிஸின் குரல்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேணுமா?"

"வேண்டாம்!"

"கடைசியாக் கேக்கறேன். நிச்சயமா வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆர்டிஸ் லவோனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கப்பூட்டோ எழுதினார், ஒப்பமிட்டார், முத்திரை குத்தினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "திருமதி ஹோவ்லண்ட், மன்னிச்சுக்கணும். முன்மாதிரி அடுப்பு வெச்சிருக்கிற ஊர்லேர்ந்து வந்த கடிதம்னு மேலிடத்துல உடனே பிரிச்சுப் படிச்சாங்க. நீங்க எழுதினதுல ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். பழைய சுற்றறிக்கையை இன்னிக்குக் காலையில ரத்து பண்ணிட்டோம். இனிமே நீங்க சொன்னது சொன்னதுதான். இந்த முடிவைப் பத்து வருஷத்துக்கு யாராலயும் மாத்த முடியாது."

கூடத்தில் முள் கரண்டி ஒன்று தட்டில் விழுந்தது. ஆர்டிஸ் வாயைத் திறந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கப்பூட்டோவும் நல்ல மனசோடு, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இந்த விஷயத்துல உங்களுக்கு ஏதாவது மனக்குறை இருந்தா தாராளமாச் சொல்லலாம் மேடம். எழுதிக்கறேன்."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றார் ஆர்டிஸ்.

"ஒண்ணுமே இல்ல" என்றது கூடம்.

கப்பூட்டோ அதை அப்படியே எழுதிக்கொண்டார். யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.