சனிக்கிழமை நாலு இருபது

“சர்வருடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது” என்று திரை சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக் கையில் ஒரு பலகையோடு ஆற்றங்கரையில் நின்றிருந்தார். எதிரே ஓநாய். பாலம் பாதியில் நின்றது. மணி நாலு இருபது.

தொடர்ந்து நாலாவது சனிக்கிழமையாக இதே கதை.

கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போய்விட்ட மகளோடு அவர் ஆடுகிற ஆட்டம் அது. வாரம் ஒரு நாள், நாலு மணியிலிருந்து ஐந்து வரை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆற்றின் மேல் பாலம் கட்ட வேண்டும், ஓநாய் வந்தால் விரட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தவள் மகள்தான்.

மெக்கானிக் பேச்சில் படு கஞ்சம். மகள் போன் செய்தால் “நல்லா இருக்கியா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்பதோடு கடமை முடிந்தது. ஆட்டத்திலும் “பலகை”, “இடது பக்கம்”, “ஓநாய்” என்ற மூன்றுக்கு மேல் வாயிலிருந்து வராது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் மகள் தோளை உரசிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும் அவருக்கு. இப்படி அறுந்துகொண்டே போனால் அவளுக்கு அலுத்துவிடும், அப்புறம் இதுவும் இருக்காது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்.

உடனே மகளைக் கூப்பிட்டார்.

“அம்மாடி, மறுபடியும் போச்சு.”

“அப்படியா? ரூட்டரை அணைச்சுட்டுப் போடுங்கப்பா. நான் லைன்லயே இருக்கேன்.”

ரூட்டரில் பச்சை விளக்கு வரும்வரை சும்மா நிற்க அவரால் முடியாது. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை அவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தொழிலில் ஊறிய பழக்கம். ஒரு நாய்க்குட்டி தன்னந்தனியாக லிஃப்டில் ஏறி ஏழாவது மாடிக்குப் போய், அங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்த கதையைச் சொன்னார். பச்சை எப்போதோ வந்துவிட்டிருந்தது; கதை முடிந்து அவர் திரும்பிப் பார்த்தபோது மணி ஐந்தாகியிருந்தது.

அடுத்த வாரம் ரூட்டரைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

“கதவைத் திறக்கறப்ப எல்லாம் தலையில விழுது” என்றாள் மனைவி.

“மெதுவாத் திற. இன்னொண்ணு, நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் வீட்ல யாரும் நெட்டைத் தொடக் கூடாது.”

“யாரும்னா? இருக்கறது நான் ஒருத்தி. நேராவே சொல்லுங்களேன்.”

மனைவி போனை அணைத்துவிட்டு, டிவியையும் அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நாலு இருபதுக்கு ஆட்டம் அறுந்தது. அவள் டிவியைப் போட்டாள். சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ஆறாவது வாரம் மெக்கானிக் களத்தில் இறங்கினார். காற்றில் வருவதை நம்பி இருந்தால் கதைக்கு ஆகாது, நேராகக் கேபிள் இழுத்துவிட வேண்டியதுதான் என்று, நாலு இருபதுக்கு ஆட்டம் அறுந்த கையோடு டிரில்லை எடுத்தார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். மறுமுனையில் மகள். சமையலறைச் சுவரில் துளை விழுந்தது. துளை வழியே தண்ணீர் பீய்ச்சியடித்தது.

“அப்பா, என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் தண்ணி.”

“கொஞ்சமா?” என்றாள் மனைவி, கணுக்கால்வரை நனைந்து.

பிளம்பர் வரும்வரை துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றார். நின்றது ஒன்றேகால் மணி நேரம். அதுவரைக்கும் மகளோடு பேசிக்கொண்டே இருந்தார்.

“சுவருக்குள்ள பைப் இருக்கான்னு பார்த்துட்டுத் துளை போடக் கூடாதா சார்?” என்றார் பிளம்பர்.

“நான் முப்பது வருஷமா துளை போடறேம்பா. லிஃப்ட் சுவர்ல பைப்பே வந்ததில்ல.”

ஏழாவது சனிக்கிழமை, மனைவியே இணைய நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து ஆளை வரவழைத்தாள். வந்தது ஒரு சின்னப் பெண். முதுகில் பை, கையில் சோதனைக் கருவி. ரூட்டர், கேபிள், ஈரச் சுவர் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கவனித்தாள். நாலு இருபதுக்கு, சொல்லிவைத்தாற்போல் அறுந்தது.

அவள் விசைப்பலகையில் எதையோ தட்டினாள்.

“சார், உங்க லைன்ல ஒரு கோளாறும் இல்ல. இது கேம் கம்பெனியோட சர்வரே கிடையாது. யாரோ அவங்க வீட்டு கம்ப்யூட்டர்லயே சர்வர் வச்சு நடத்தறாங்க. அது நின்னா நீங்க வெளிய வந்துடுவீங்க. உங்ககூட ஆடறது யாரு?”

“என் பொண்ணு.”

“அப்ப அவங்க கம்ப்யூட்டர்தான் நிக்குது. நீங்க சுவரை விட்டுடலாம்.”

மனைவி அந்தப் பெண்ணுக்கு இரண்டு டம்ளர் காபி கொடுத்தாள்.

மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. பாவம், ஓட்டைக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளை திண்டாடுகிறது. அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இத்தனை வாரமும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. இந்தத் தடவை அவர் மகளைக் கூப்பிடவில்லை. பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மருமகனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ கம்ப்யூட்டர் பாதியில தானா நின்னு போகுதாம். புதுசா ஒண்ணு நான் அனுப்பி வைக்கறேன். இனிமே ஒரு மணி நேரமும் அறுந்து போகாம நாங்க ஆடணும்.”



“கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு மாமா” என்றார் மருமகன், குரலைத் தாழ்த்தி. “இருபது நிமிஷம் ஆனதும் அவதான் அதை நிறுத்தறா, அறுந்தாத்தான் அப்பா பேசுவாருன்னு, இப்பவும் போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா.”