மச்சான் வந்தபோது நான் காலாட்டிய காரணம்

நைனார்பாளையம்,
வியாழக்கிழமை.

வெள்ளிமலையில் மளிகைக் கடை நடத்திவரும் என் மதிப்பிற்குரிய மச்சான் கலையரசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பெரியநாயகியின் கணவன் தெய்வசிகாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே தங்கள் துணைவியார் ராஜாம்பாள் அக்காவும் கடையும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

செல்லில் எத்தனை தரம் அழைத்தும் தாங்கள் எடுக்காததால் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை என் மகள் பாரதியின் கல்யாணம் பற்றிப் பேச வந்தீர்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதோடு நிற்காமல், தாங்கள் வாசலில் நிற்க, நான் உட்கார்ந்தபடி காலாட்டினேன். தாங்கள் தண்ணீர்கூட வாங்காமல் திரும்பிவிட்டீர்கள். தாய்மாமன் வந்து பட்டம் கட்டாவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று பாரதி சாப்பிடாமல் கிடக்கிறாள்.

போன மாதத்திலிருந்து எழுந்து நின்றால் எனக்குக் கண் இருட்டுகிறது, மச்சான். ஊர்க்கூட்டத்தில் ஏரி வாய்க்கால் விஷயமாக ஆட்சேபம் சொல்ல எழுந்தேன், எழுந்த வேகத்தில் விழுந்தேன், முகத்தில் தண்ணீர் தெளித்து என்னை எழுப்புவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ரிஷிவந்தியம் கோயிலில் விழுந்து கும்பிட்டேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன், பின்னால் நின்ற அம்மாள் என் பக்தியை மெச்சி, தன் பிள்ளைகளையும் அப்படியே கும்பிடச் சொன்னார். அப்புறம்தான் உங்கள் தங்கை என்னைக் கள்ளக்குறிச்சிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். காதுக்குள்ளே, நாம் சாயாமல் நிற்பதற்கென்று ஓர் உறுப்பு இருக்கிறதாம். ஆள் எழுந்ததும் அது மூளைக்குச் சேதி சொல்ல, மூளை ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தையும் முடுக்கி, ரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் தலைக்கு அனுப்புமாம். மயக்கத்துக்குக் காரணம் பல உண்டாம், எனக்குக் காதுதானாம்.

"உங்களுக்கு அந்தச் சேதி லேட்டா போகுதுங்க. எழுந்திருக்கறதுக்கு முன்னாடி காலை நல்லா ஆட்டிட்டு, மெதுவா எழுந்திருங்க" என்றார் டாக்டரம்மா.

"நான் சொல்றதே அந்தக் காதுல ஏறாதுங்க, மூளைக்கு இன்னா போவும்?" என்றாள் உங்கள் தங்கை.

ஆக, தங்களைக் கண்டதும் மரியாதையாக எழுந்திருக்கத்தான் அத்தனை வேகமாகக் காலாட்டினேன். நான் எழுந்து நிற்பதற்குள் தாங்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டீர்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை, மச்சான். தாங்களும் கோபித்துக்கொண்டால் நான் உரிமையோடு போய் நிற்க ஒரு வீடு கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பாரதி தங்கள் காலில் விழுந்து ஆசி கேட்கிறாள். தூக்கிவிட ஆள் இருந்தால் நானும் விழுவேன்.

தங்கள் அன்பு மறவாத,
தெய்வசிகாமணி

பி.கு.: இப்போதுதான் ராஜாம்பாள் அக்கா உங்கள் தங்கைக்குப் போன் செய்தார். "ஒங்கண்ணனுக்குக் கோவம்லாம் ஒண்ணும் இல்ல. மலை வளைவுல பஸ்ல வந்து தலை சுத்திக்கினு இருந்துச்சாம், வாயத் தெறந்தா வாந்தின்னு ஓடியாந்துட்டாரு. தங்கச்சி வூட்ல தண்ணிகூட குடிக்கலியேன்னு வெக்கப்பட்டுக்கினு போனையே எடுக்க மாட்டறாரு" என்றாராம். நான் காலாட்டியதைத் தாங்கள் பார்க்கவே இல்லையாம். எனவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். பட்டம் மட்டும் நின்றுகொண்டுதான் கட்ட வேண்டும். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் உங்கள் தோளைப் பிடித்துக்கொள்கிறேன். மெதுவாகவே எழுந்திருப்போம், பாரதி காத்திருப்பாள்.