கடுக்காய் பாயும் கழுத்துவரை கறுத்த மாமனாரும்

கடுக்காயால் தீராத வியாதி கிடையாது. மின்மினி மடுவில் ஒரு முறை நீந்தியும் திருந்தாத மனுஷன் கிடையாது. இந்த இரண்டையும் நடுத்தெருவில் நின்று சத்தியம் செய்து சொல்லக்கூடியவர் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோடு நான் நாலு வருஷம் பழகியிருக்கிறேன். அவருடைய நிஜப் பெயர் மட்டும் கடைசிவரை எனக்குத் தெரியாது. ஜவ்வாது மலை முழுக்க அவர் 'கடுக்காய் பாய்'.

அறுபதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி, ரோடு போடுகிற கேம்ப்பில் நான் கிளார்க். கேம்ப் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தகரக் கொட்டகை, ஒரு அரிக்கேன் விளக்கு, குளிக்க வெந்நீர் போட ஒரு துருப்பிடித்த இரும்பு டிரம். பாய்க்கு வாணியம்பாடி. தை பிறந்ததும் மலையேறி வந்துவிடுவார். மலைக்காரர்கள் காட்டில் பொறுக்கி வருகிற கடுக்காயை வாங்கி, மூட்டை கட்டி, கீழே தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அனுப்புவார். எங்கள் கேம்ப்புக்குப் பக்கத்தில்தான் அவருடைய கிடங்கு.

கடுக்காய் கொடுப்பது என்றால் நம்மூரில் ஏமாற்றுவது. பாய் நிஜமாகவே கொடுப்பார், அதுவும் கேட்காமலே. தலைவலி என்றால் கடுக்காய். பல்வலி என்றால் கடுக்காய். எங்கள் சமையல்காரர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தபோது, "வவுறு சரியில்ல, அதான் கோவம் வருது" என்று அவருக்கும் கடுக்காய்ப் பொடி. ஒரு முறை லாரியின் ரேடியேட்டர் ஒழுகிற்று. பாய் கடுக்காயை விழுதாக அரைத்து ஓட்டையில் அப்பினார். லாரி ஜமுனாமரத்தூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதை நானே கண்ணால் பார்த்தேன்.

இனி மடு. கேம்ப்பிலிருந்து அரை மைல் இறங்கினால், ஓடை ஒன்று பாறைக்கு நடுவே தேங்கி நிற்கும். ஆளுயரம் ஆழம் இருக்கும். சுற்றிலும் மரங்கள் தண்ணீர்மேல் கவிந்து கிடக்கும். பங்குனி கடைசியில் தொடங்கி மழை வலுக்கும் வரைக்கும், இருட்டியதும் அந்த மரங்களில் மின்மினிகள் வந்து அடையும். ஆயிரமா, லட்சமா, யார் எண்ணினார்கள்? எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் எரியும், ஒரே மூச்சில் அணையும். மேலே எரிகிறதெல்லாம் கீழே தண்ணீரிலும் எரியும். அதற்குள் இறங்கி நீந்தினால் தலைக்கு மேலும் வெளிச்சம், தாடைக்குக் கீழும் வெளிச்சம். அடடா, இப்போது எழுதும்போதுகூட எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மலைக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. "பூச்சி மினுக்குது. அதப் பாக்கறதுக்குத் தண்ணியில எறங்கணுமா?" என்று சிரிப்பார்கள். பாய்க்கோ அதுதான் உயிர். வெளியூரிலிருந்து எவன் மலையேறி வந்தாலும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

போனால் சட்டதிட்டம் பலமாக இருக்கும். டார்ச் கூடாது. பீடி கூடாது. பேச்சு கூடாது. கையைத் தண்ணீருக்கு மேலே எடுக்கக்கூடாது. தவளை மாதிரி உள்ளேயே தள்ள வேண்டும். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிவிட வேண்டும். பாய் முன்னால் நீந்துவார், தலையில் வெள்ளைக் குல்லாயோடு. அந்த இருட்டில் பின்னால் வருகிறவன் அந்தக் குல்லாயைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நாக்கை ஒரு தரம் சொடுக்கினால் இடது பக்கம், இரண்டு தரம் சொடுக்கினால் வலது பக்கம். மூன்று தரம் என்றால், 'பாறை இருக்குது, மண்டையைக் காப்பாத்திக்கோ'.

மெட்ராஸிலிருந்து வந்த சின்ன இன்ஜினீயர் ஒருவர் இதையெல்லாம் காதில் வாங்காமல் பாறை மேலிருந்து தொப்பென்று குதித்தார். தண்ணீரில் இருந்த வெளிச்சம் மொத்தமும் சிதறிப்போயிற்று. பாய் அவரைக் கரையேற்றி உட்கார வைத்துவிட்டார்.

"நா இன்ஜினீயர், தெரியுமில்ல?"

"அது ரோட்டுல சார். இங்க நீங்க ஒண்ணாங் கிளாஸ். கைய கட்டிக்கினு உக்காருங்க."

அவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதுதான் பாய்.

இந்த நிலையில் எனக்குச் செங்கத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தவர். மண்டிக்காரர் என்றே சொல்கிறேன். அவர் என்னிடம் இருபது கேள்வி கேட்டார். பெண் ஒன்றே ஒன்று கேட்டாள். "மலையில கரடி இருக்குதாமே, நெசமா?" பயந்து கேட்கவில்லை, பார்க்கிற ஆசையில் கேட்டாள். அந்த இடத்திலேயே நான் காலி. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துகொண்டு மலையேறினேன். அதற்குமுன் மூன்று வீட்டில் 'காட்டுல இருக்கறவனுக்குப் பொண்ணு இல்ல' என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அம்மா அப்பா இல்லாத எனக்குப் பேசி முடிக்க ஆளும் கிடையாது. இதுவும் போனால் எனக்குக் கல்யாணமே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது.

சித்திரையில் ஒரு நாள், மாப்பிள்ளை எப்படி வாழ்கிறான் என்று நேரில் பார்க்க மண்டிக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. திரும்புகிற பஸ்ஸோ மறுநாள்தான். பொழுது சாய்ந்ததும் அரிக்கேனைப் பார்த்தபடி சொன்னார்.

"தம்பி, மனசுல வெச்சிக்காத. எம்பொண்ணு கரண்டு லைட்டுல வளந்தவ. இந்த இருட்டப் பாத்தாலே பாதி உசுரு போய்டும் அவளுக்கு. இது சரிப்படாது."

வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பாய் கோணி ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"இன்னா சொன்னீங்க பெரியவரே? இருட்டா? எங்க மலையிலயா?"

"பின்ன இன்னா பாய், இது பகலா?"

"நீச்சல் தெரியுமா?"

மண்டிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அறுபதடி கெணத்துல மேலருந்து குதிச்சவன்யா நானு!"

"குதிக்கல்லாம் வாணாம். சும்மா மெதந்தா போதும். வாங்க."

போவதற்குமுன் அவரைக் கோவணத்தோடு நிற்க வைத்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை கடுக்காயும் ஆவாரம்பட்டையும் சேர்த்து அரைத்த விழுதைப் பூசினார். குளிர் ஏறாது, பூச்சி கடிக்காது என்பது பாயின் சித்தாந்தம்.

"தோலு எரியுதே பாய்!"

"எரியட்டும். எருமத்தோல நூறு வருசத்துக்குக் கெடாம வெக்கிற மருந்து இது. ஒங்க தோலு இன்னா, அதவிட ஒசத்தியா?"

"எனக்கு?" என்றேன்.

"நீ ரோட்டு வெயில்ல ஏற்கெனவே பதமாயிட்ட. ஒனக்கு வாணாம்."

மடுவுக்குப் போனோம். மண்டிக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தண்ணீரில் இறங்கினார். மரமெல்லாம் ஒரு தரம் எரிந்து அணைந்தது. அவர் முணுமுணுப்பு நின்றது. முன்னால் வெள்ளைக் குல்லாய், நடுவில் மண்டிக்காரர், கடைசியில் நான். எரிந்தது, அணைந்தது, மறுபடியும் எரிந்தது. எங்கள் கழுத்தைச் சுற்றிலும் பச்சை வெளிச்சம். பாய் நாக்கைச் சொடுக்கிய பக்கமெல்லாம் மண்டிக்காரர் குழந்தை மாதிரி திரும்பினார். ஒரு சுற்று முடிந்து கரைக்கு வந்ததும், 'சரி, போகலாம்' என்பார் என்று காத்திருந்தேன்.

"பாய்," என்றார் ரகசியக் குரலில். "இன்னொரு சுத்து போவலாமா?"

மூன்று சுற்று போனோம். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பாய் தன் கிடங்குக்குத் தூங்கப் போனார். வருங்கால மாமனாருக்குச் சேவை செய்கிற வெறியில் நான் ஒரு காரியம் செய்தேன். டிரம் நிறையத் தண்ணீர் காய்ச்சி, அவரை உட்கார வைத்து, சுடச்சுட ஊற்றி, முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினேன். அரிக்கேன் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்ல புள்ளயா இருக்கிறியே," என்று சொல்லிக்கொண்டே போய்ப் படுத்தார்.

விடிந்தது. கொட்டகை அதிர ஒரு அலறல். ஓடினேன். மண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். தலை மட்டும் அவருடையது. கழுத்துக்குக் கீழே, மைப்புட்டியில் முக்கி எடுத்த மாதிரி மொத்தமும் நீலக்கறுப்பு.

"தாரு! ரோட்டுக்குப் போடற தார எனக்குப் பூசிட்டீங்களா? படுபாவிங்களா!"

தோல் ஷாப்புப் பக்கம் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். கடுக்காய்ச் சாறும் இரும்புத் துருவும் சேர்ந்தால் மை. தொட்டியில் ஒரு ஆணி விழுந்தாலே தோலில் கறை பிடித்துவிடும். எனக்குத் தெரியாது. கேம்ப்பில் கணக்கெழுதுகிறவனுக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்?

அலறல் கேட்டு பாய் ஓடி வந்தார். மண்டிக்காரரைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். அடுப்பில் ஆறாத சாம்பலைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். ஒரே பார்வையில் எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. 'நான்தான் ஊற்றினேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"தப்பு என்னுதுதாங்க. இரும்பு ஒரல்ல அரச்சிட்டேன் போலக்குது. துரு கலந்துபோச்சி."

"எத்தன வருசமா கடுக்கா விக்கற? இரும்பு ஆவாதுன்னு தெரியாதா? இன்னாய்யா வியாபாரி நீ?"

"தெரியலீங்க," என்றார் பாய், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அதற்குமுன் நான் கேட்டதில்லை, அப்புறமும் கேட்டதில்லை. நான் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். பொண்ணு கை நழுவிப் போய்விடுமே என்ற பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மண்டிக்காரர் சித்திரை வெயிலில் கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு பஸ் ஏறினார். கதை அவருக்கு முன்னாலேயே செங்கம் போய், அங்கிருந்து வாணியம்பாடியும் போயிற்று. இரும்புக்கும் கடுக்காய்க்கும் ஆகாது என்று தெரியாத கடுக்காய் வியாபாரி! தோல் ஷாப்பில் நேற்றுச் சேர்ந்தவன்கூடக் கேலி செய்தானாம். சந்தையில் ஆணியைக் காட்டி, "பாய், இது இன்னான்னு தெரியுதா?" என்பார்களாம். பாய் ஒரு நாளும் மூச்சு விடவில்லை.

பத்து நாள் கழித்துச் செங்கத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. 'உடம்பில் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. நானும் வீட்டில் மடுவைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. பெண் மலைக்குத்தான் வருவேன் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். வைகாசியில் முகூர்த்தம் பார்க்கலாம். அந்தக் கடுக்காய்க்காரனுக்கு மட்டும் பத்திரிகை வைக்கக் கூடாது.'

கடிதத்தைப் பாயிடமே எடுத்துக்கொண்டு போனேன். கடைசி வரியை விட்டுவிட்டுப் படித்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது. முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

"என்னியக் கூப்புடக் கூடாதுன்னு எழுதிருக்காரா?" என்று சிரித்தார். "வுடு. எனக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்காது. நீ தாலிய ஒழுங்காக் கட்டிட்டு வந்து சேரு."

கல்யாணம் ஆயிற்று. புதுப் பெண்டாட்டியோடு மலைக்குத் திரும்பினால், பஸ் நிற்கிற இடத்தில் வெள்ளைக் குல்லாய். கடுக்காய் லோடு போய் ரொம்ப நாளாகியும் அவர் ஊருக்குப் போகவில்லை.

"மழ வலுக்கல. பூச்சி இன்னும் கொஞ்சம் நிக்குது. பாப்பா பாக்கட்டும், அப்பறம் எறங்கறேன்."

அன்றைக்கே மடுவுக்குப் போனோம். அவளுக்கு நீச்சல் தெரியாது. பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். மரங்கள் எரிந்தன. தண்ணீரில் மிதக்கிற வெள்ளைக் குல்லாயைக் காட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எங்கப்பாவ கறுப்பாக்குன பாய் இவருதானே?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "இல்ல, நாந்தான்," என்று டிரம் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"பாவம்ங்க. ஊரெல்லாம் இவரத்தான சிரிக்குது?" என்றவள் பாய் பக்கம் திரும்பினாள். "அப்பாகிட்ட உண்மைய சொல்லிடலாமா பாய்?"

பாய் தண்ணீரில் மிதந்தபடியே சொன்னார். "வாணாம் பாப்பா. அவுரு உசுரு இருக்கற வரிக்கும் யாரையாச்சும் திட்டித்தான் ஆவணும். மாப்ளயத் திட்டுனா குடும்பத்துல கசப்பு. என்னியத் திட்டட்டும். நா இன்னா, வேத்தாளுதான?"

சொன்னபடியே என் மாமனார் கடைசி மூச்சுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். பாயும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. இந்த வயதில் பேரப்பிள்ளைகள் என்னிடம், "ஒங்க கல்யாணத்துல ஒங்க பக்கத்துச் சொந்தக்காரங்க யாருமே இல்லியா தாத்தா?" என்று கேட்கிறார்கள். ஒருத்தர் இருந்தார், பத்திரிகை வைக்காத பாவி நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.