குட்டி யானையில் ஏர் ஷோ பார்த்த பிளேன் பாய்

விமானத்தைப் பற்றி விருத்தாசலம் பிளேன் பாய்க்குத் தெரியாதது எதுவுமே கிடையாது. தெரிந்ததில் எதுவும் சரியாக இருக்காது என்பது வேறு விஷயம்.

எங்கள் தெருமுனையில் பீங்கான் கடை வைத்திருப்பவர். வானத்தில் சத்தம் கேட்டால் போதும், பேரம் பேசிக்கொண்டிருப்பவரை ஊறுகாய் ஜாடியும் கையுமாக நிற்க விட்டுவிட்டு வெளியே ஓடிவருவார்.

"துபாய் ஃப்ளைட்டு. டிரைவரு லேட்டா எடுத்துட்டான், அதான் வெரட்டுறான்!"

ஒருமுறை அது மாவு மில் சத்தம். "மில்லுக்கு மேல போவுது, அதான் கண்ணுக்குத் தெரியல" என்று சமாளித்துவிட்டார்.

மகன் வளைகுடாவில் வேலையில் இருக்கிறான். அங்கேயே பேத்தி பிறந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டாள். "ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க, அத்தா" என்று மகன் போனில் கெஞ்சும்போதெல்லாம் பாய் சொல்லும் பதில் தெருவுக்கே கேட்கும். "நான் ரெடி. ஒங்கம்மாதான் பிளேன்னாலே நடுங்குறா." பாயம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

அப்போதுதான் திருச்சிப் பக்கம் ஒரு ஏர் ஷோ என்று விளம்பரம் வந்தது. வண்டியோடு மைதானத்துக்குள் போகலாம். வண்டியில் இருந்தபடியே பார்க்க வேண்டும், இறங்கக் கூடாது.

"கிட்டத்துல பாத்தா அவளுக்குப் பயம் தெளிஞ்சிடும் தம்பி. தைரியம் சொல்ல நீங்களும் வாங்க" என்றார் பாய்.

ஊரெல்லாம் காரில் வந்தது. நாங்கள் ஜாடி ஏற்றும் 'குட்டி யானை' மினி லாரியில் போனோம். பின்னால் வைக்கோலைப் பரப்பி, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். வாசலில் காவலாளி மறித்தார்.

"வண்டிக்குள்ளதான் ஒக்காரணும் பாய்."

"வண்டிக்குள்ளதான சார் இருக்கோம்? கூரை இல்ல, அவ்வளவுதான்."

காரில் வந்தவர்கள் ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி வானத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி அமர்ந்திருந்தோம். பாய் அக்கம்பக்கத்துக் கார்களுக்கெல்லாம் விளக்கவுரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று வானம் கிழிந்தாற்போல் ஒரு சத்தம். ஜெட் ஒன்று மல்லாந்து பறந்து, நேராகக் கீழே பாய்ந்து, சட்டென்று மேலே ஏறியது. பாயம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

"பாத்தீங்களா பாய்!" என்று திரும்பினேன். நாற்காலி காலி. வைக்கோலில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் ஜாடிகளை மூடும் தார்ப்பாய்க்கு அடியில்.

"போயிடுச்சா?" என்றது தார்ப்பாய்.

பாயம்மா கொஞ்சமும் பதறவில்லை. "கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தான் தம்பி. ராட்டினத்துலகூட ஏற மாட்டாரு. வெளிய தெரிஞ்சா நாலு பேரு சிரிப்பாங்க. அதான், பயம் என் பேர்லயே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

பிறகு மெல்ல வைக்கோலில் உட்கார்ந்து, தார்ப்பாய்க்குள் கையை விட்டார்.

"ஏங்க, இவன் வித்தை காட்டுறான். நாம போற ஃப்ளைட்டு பெண்ணாடம் பஸ்ஸு மாதிரி நேராப் போவும். என் கையப் புடிச்சிக்கங்க. பேத்தி மூஞ்சியப் பாக்க வேணாமா?"

ஜெட்கள் மேலே கோலம் போட்டுக்கொண்டிருந்தன. தார்ப்பாய் மெல்ல அசைந்தது. கடைசியில், "ஜன்னல் சீட்டு வேணாம்" என்றது.

திரும்பும் வழியில் திட்டக்குடியில் டீ குடித்தோம். "வூட்டுக்காரிக்குப் பயம் தெளிஞ்சிடுச்சு" என்று டீ மாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னார் பாய். பாயம்மா டீயை ஊதிக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார்.

பேத்தியைப் பார்க்கப் போயும் விட்டார்கள். போன வாரம் பாய் வீடியோ காலில் வந்தார். மடியில் இருந்த பேத்தி அவர் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவரு நல்லா ஓட்டுனான் தம்பி. இவளதான் நான் சமாளிக்க வேண்டியதாப் போச்சு."

பின்னால் பாயம்மா சத்தமில்லாமல் முன்கையைத் தூக்கிக் காட்டினார். வரிசையாக நகத் தழும்புகள்.

"எப்ப பாய் ஊருக்கு வரீங்க?"

பாயின் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "திரும்பவும் அதுலதான தம்பி வரணும்?"

பயம் தெளிந்தபின் நிதானமாகவே வாருங்கள், பாய். ஆனால், வந்துவிடுங்கள்.