'ணும்' இல்லாத வீடு

இனி இந்த வீட்டில் உண்மை வேறு, அபிப்பிராயம் வேறு என்று கிராக்கி சார் ஒரு சபதம் எடுத்தார். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். மூச்சுக்கு மூச்சு கிராக்கி, கிராக்கி என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. வீட்டில்தான் அவருக்குக் கிராக்கி இல்லை.

வாஷிங் மெஷின் நின்றுபோனதில் ஆரம்பித்தது.

"புதுசு வாங்கணும்ங்க," என்றாள் மனைவி.

"'நின்னு போச்சு', இது உண்மை. யார் வேணா சோதிச்சுப் பார்க்கலாம். 'வாங்கணும்', இது உன் மதிப்பீடு. 'ணும்'னு முடிஞ்சாலே கலப்படம். இனிமே உண்மை மட்டும்தான் பேச்சு."

"அவ்வளவுதானே? எங்க வேலையே அதுதான்."

அவள் ரத்தம் பரிசோதிக்கும் லேபில் இருக்கிறாள். சர்க்கரை எவ்வளவு என்று எழுதுவாள்; இனிப்பை நிறுத்து என்று எழுதமாட்டாள்.

சார் ஜெயித்த மிதப்பில் படுத்தார்.

மறுநாள் காலை அலமாரியில் மருந்துக்குக்கூட ஒரு சட்டை இல்லை. அவள் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள். போன் போட்டார்.

"என் சட்டையெல்லாம் எங்கே?"

"வாளியில ஊறுது."

"எத்தனை?"

"ஏழு."

"இருக்கிறதே ஏழுதானே!"

"ஆமா. அதுவும் உண்மை."

"ஒண்ணையாவது துவைச்சு வெச்சிருக்கணும்ல?"

"சார், 'ணும்' வந்துடுச்சு," என்று வைத்துவிட்டாள்.

கடைசியில், பெட்டிக்கு அடியில் கிடந்த, தன் கல்யாணத்துக்குத் தைத்த பளபளா சட்டையில் வகுப்புக்குப் போனார். தொப்பைப் பக்கம் இரண்டு பொத்தான்கள் பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. அன்றைய பாடமும் உண்மை வேறு, மதிப்பீடு வேறு என்பதுதான். முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"சார், 'சட்டை டைட்டா இருக்கு'ன்னா உண்மை. 'போட்டிருக்கக் கூடாது'ன்னா மதிப்பீடு. சரியா சார்?"

சரிதான். மதிப்பெண் போடாமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனார். இருந்ததிலேயே பெரிய மெஷினை வண்டியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் பளபளவென்று உட்கார்ந்து வந்து இறங்கினார்.

உள்ளே பழைய மெஷின் அவருடைய ஏழு சட்டைகளையும் சுழற்றிக்கொண்டிருந்தது.

"இது ஓடுதா?"

"ஓடுது."

"எப்போலேர்ந்து?"

"நேத்து நீங்க படுத்ததுலேர்ந்து. பிளக் லூசா இருந்துச்சு. அழுத்தினேன்."

"காலையில போன்ல ஏன் சொல்லல?"

"நீங்க சட்டையைத்தானே கேட்டீங்க?"

"உண்மையை மட்டும் பேசுன்னு சொன்னேன்ல!"

"பேசினது பூரா உண்மைதாங்க." புது மெஷினை எங்கே இறக்குவது என்று வண்டிக்காரருக்குக் கை காட்டிக்கொண்டே சொன்னாள்: "எந்த உண்மையை எப்போ சொல்றதுங்கிறது மட்டும் என் மதிப்பீடு."